காரம் என்னும் சொல்



இந்தக் கருத்தரங்குக்காகக் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிக் கொல்லிமலைச் செம்மேட்டுக்கு வந்தேன். மேலே தோட்டமெங்கும் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி படர்ந்திருக்கிறது. அந்த மிளகைக் காரம் என்கிறோம். வகுப்பறையில் சோடியம் ஹைட்ராக்சைடையும் காரம் என்கிறோம். காரத்துக்கு எடுத்துக்காட்டு கேட்டால் எந்த வகுப்பிலும் ஒரு பிள்ளையாவது மிளகாய் என்று சொல்லிவிடும். அந்தப் பிள்ளைமேல் குற்றமில்லை. வீட்டில் கற்ற தமிழை நம்பித்தான் அது விடை சொல்கிறது.

இன்று காலை இந்த மண்டபத் திண்ணையில் சில ஆசிரியர்களோடு உட்கார்ந்து, வெள்ளைத்தாளில் மஞ்சளைக் குழைத்துப் பூசி உலர்த்தினோம். சுண்ணாம்புத் தெளிநீர் ஒரு சொட்டு விட்டதும் அந்த இடம் ஆரத்தித் தண்ணீர்போலச் சிவந்தது. மிளகை இடித்து ஊறவைத்த நீரை விட்டோம். நாக்கில் வைத்தால் எரிகிற அந்த நீர், தாளின் மஞ்சளை மாற்றவே இல்லை. பிறகு, சவரம் செய்தபின் கன்னத்தில் தேய்ப்பார்களே, அந்தப் படிகாரத்தைக் கரைத்து நீல லிட்மஸ் தாளை நனைத்தோம். தாள் சிவந்தது. பெயருக்குள் காரத்தை வைத்திருக்கும் பொருள், கரைசலில் அமிலமாக நிற்கிறது!

சொல்லின் வேரைப் பார்த்தால் உரிமை யாருக்கு என்பது தெரியும். வடமொழி க்ஷாரம், சாம்பலிலிருந்து எடுக்கும் உப்பு. ஆங்கிலத்தில் காரத்தைக் குறிக்கும் ஆல்கலி என்பதன் அரபு மூலமும் செடிச் சாம்பலையே குறிக்கிறது. சாம்பல் போட்டுப் பாத்திரம் துலக்கிய நம் பாட்டிமாரின் விரல்கள் உணர்ந்த வழவழப்புத்தான் வேதியியலின் காரம். மிளகின் எரிவுக்குக் காரணமான பைப்பரினை 1819இல் அறிவியலாளர் ஆர்ஸ்டெட் பிரித்தெடுத்தார். அதை ஆல்கலாய்டுகளோடு சேர்க்கிறோம். ஆனால் அதன் காரத்தன்மை மிக மிகக் குறைவு. நாக்கில் சூட்டை உணரும் நரம்பை அது தூண்டுவதால்தான் எரிகிறது.

ஈழத்தமிழர் இந்தச் சிக்கலைப் பெரிதும் தவிர்த்துவிட்டார்கள். அவர்கள் பாடநூலில் அமிலத்துக்கு எதிரான பொருளின் பெயர் மூலம். நீரில் கரையும் மூலமே காரம். மிளகாய்க்கோ உறைப்பு என்ற சொல் இருக்கிறது. நம் நூல்களில் நீரில் கரையும் காரத்துக்கு எரிகாரம் என்ற பிரிவு இருந்தும் சுவைக்குத் தனிச்சொல் வைக்கவில்லை. அறுசுவையில் கார்ப்பு என்று நம் முன்னோர் வைத்ததை நாமே கைவிட்டோம். அதுதான் எனக்கு வருத்தம்.

அறிவியலுக்குத் தமிழ்ச்சொற்கள் ஆக்க 1916இல் இராஜாஜி சங்கம் கண்டபோது, அவர் வழக்கறிஞராக வாழ்ந்த ஊர் சேலம். அந்தப் பணியின் தொடர்ச்சியாக உங்கள் முன் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். அறிவியல் எழுத்தில் சுவையைக் குறிக்க உறைப்பு அல்லது கார்ப்பு என்றே எழுதுவோம். காரம் பற்றிய முதல் பாடத்தில், இது மிளகின் காரம் அன்று என்று ஒரு வரி சேர்க்கும்படி இந்த அவை தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். அதற்கான வரைவை மாலை அமர்வுக்கு ஆசிரியர்களே எழுதி வாருங்கள். கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.