தீர்ப்புக்குப் பின் முப்பது நாள்
(காஞ்சிபுரம் பட்டு நெசவாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

"டிரிபியூனல் தீர்ப்புச் சொன்ன பிறகு அதையே மாற்ற முடியுமா?" என்று பிள்ளையார்பாளையம் தோழர் ஒருவர் கேட்டார். அதற்கே பதில் சொல்ல வந்தேன்.

தறியில் இருக்கும்வரை அறுந்த இழையை முடியலாம். அறுத்துக் கொடுத்த சேலையின் கரையை மாற்ற முடியுமா? எழுத்துப் பிழையை டிரிபியூனல் திருத்தலாம். நியாயத்தையே மறுபடி எடைபோடச் சட்டம் தனியே அதிகாரம் தந்திருக்க வேண்டும். அப்பீல் உண்டா என்பீர்கள். 1950இல் தொழில் அப்பீல் டிரிபியூனல் வைத்தார்கள், 1956இல் எடுத்துவிட்டார்கள். பிறகு ஹைகோர்ட், சுப்ரீம் கோர்ட் படிதான். கூலிக்காரன் ஏறக்கூடிய படியா அது?

ஆனால் ஒரு தரப்பு இல்லாதபோதே தீர்ப்புச் சொல்லிவிட்டால்?

கல்கத்தாவில் கிரிண்ட்லேஸ் பாங்கு வழக்கு. 1976 டிசம்பர் 9 விசாரணை நாள். அன்றுதான் சங்கப் பொதுச் செயலாளரின் தகப்பனாருக்குக் காரியம். வாய்தா கேட்டார் வக்கீல். டிரிபியூனல் மறுத்து, ஒருதலையாகத் தீர்ப்புச் சொல்லிவிட்டது! டிசம்பர் 25இல் கெஜட்டில் வந்தது. சங்கம் 1977 ஜனவரி 19இல் மனுப் போட்டது. டிரிபியூனல் தன் தீர்ப்பைத் தானே ரத்து செய்தது. பாங்கு விட்டதா? சுப்ரீம் கோர்ட் வரை போயிற்று. 1980இல் அங்கேயும் தோற்றது.

கோர்ட் சொன்னது இதுதான்: சட்டத்தில் வார்த்தை இல்லாவிட்டாலும், வர முடியாமற்போனவனின் பேச்சைக் கேட்க டிரிபியூனலுக்கு அதிகாரம் உண்டு. இது நியாயத்தை மறுபடி எடைபோடுவதல்ல; விசாரணையில் விழுந்த ஓட்டையை அடைப்பது. கெடு? அன்றைய 1947 சட்டப்படி கெஜட்டில் வந்து முப்பது நாளானால் தீர்ப்பு அமலுக்கு வந்தது. அதற்குள் மனுச் செய்ய வேண்டியிருந்தது. சங்கத்தின் மனு இருபத்தைந்தாம் நாள் போனது. ஐந்து நாள்தான் மிச்சம், தோழர்களே!

சங்கம் திறந்த கதவிலே முதலாளியும் நுழைவான். ஹரியானா சூரஜ் மால்டிங் கம்பெனி வழக்கில், முப்பது நாள் கடந்தாலும், சரியான காரணம் இருந்தால் ஒருதலைத் தீர்ப்பை ரத்து செய்யலாம் என்று 2018இல் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. அங்கே மனுப் போட்டது நிர்வாகம்! வேண்டுமென்றே வராமலிருந்துவிட்டு, தொழிலாளி ஜெயித்ததும் "நோட்டீஸ் கிடைக்கவில்லை" என்று ஓடிவருவார்கள். நோட்டீஸ் கிடைத்தது, வரவில்லை என்று நாம் காட்டியாக வேண்டும். அதற்குக் கையில் காகிதம் வேண்டும். நம்மவர்களோ காகிதத்தைப் பாவுநூலோடு சேர்த்துக் கட்டிவிடுகிறார்கள்!

டிரிபியூனல் காகிதம் வந்தவர்கள், கூட்டம் முடிந்ததும் உறையோடு கொண்டுவந்து காட்டுங்கள். தபால் முத்திரைத் தேதியைப் பார்க்க வேண்டும்.