நிலமும் பொழுதும்: நிலக்காட்சி ஓவியம் பயில்வோர்க்குச் சில சொற்கள்



மொழியியல் பயின்ற ஒருவன் ஓவியம் பற்றிப் பேச வந்திருப்பது சிலருக்கு வியப்பளிக்கலாம். பணி ஓய்வுக்குப் பின் நீர்வண்ண ஓவியம் பழகிவரும் மாணவன் என்னும் உரிமையில் வந்திருக்கிறேன். ஆயினும் என் பேச்சு பெரிதும் சொற்களைப் பற்றியதே. கைத்திறன் வளர்வதற்குத் திருத்தம் வேண்டும். திருத்துவதற்குச் சொல் வேண்டும். 'அழகாக இருக்கிறது' என்பது பாராட்டு. அதனைக் கேட்டு எவரும் அடுத்த படத்தை மேலாக வரைந்ததில்லை.

இந்நகரில் இக்கலை பயிலப்பட்ட முறைக்கு லிம் செங் ஹோ நல்ல சான்று. 1912இல் பிறந்து, சிறு வயதில் சீனாவிலிருந்து இங்கு வந்தவர். பள்ளியில் ரிச்சர்ட் வாக்கரிடம் ஓவியம் கற்றார். அலுவலகப் பணியில் இருந்துகொண்டே ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்களோடு சிங்கப்பூர் ஆற்றங்கரைக்குச் சென்று, தொங்கான்களையும் பாலங்களையும் நேரில் கண்டு வரைந்தார். 1969இல் தொடங்கப்பட்ட சிங்கப்பூர் நீர்வண்ண ஓவியச் சங்கத்தின் நிறுவனர்களுள் ஒருவர். அந்த ஞாயிற்றுக்கிழமைக் குழுவோடு பழகி வளர்ந்த இளைஞர் ஓங் கிம் செங். கலைப்பள்ளியில் பயிலாத அவர் 1990இல் கலாசாரப் பதக்கம் பெற்றார். ஆற்றங்கரையே அவர்களுக்கு வகுப்பறை. மூத்தவர் கண்ணே பாடநூல்.

ஒரே ஆற்றை ஆண்டுக்கணக்கில் வரைவது எதற்காக? நிலம் ஒன்றாயினும் பொழுது வேறு. தொல்காப்பியம் முதற்பொருள் என்று நிலத்தை மட்டும் கூறி நிறுத்தவில்லை. நிலத்தையும் பொழுதையும் இணைத்தே கூறுகிறது. மரம், பறவை, விலங்கு, உணவு முதலியன கருப்பொருள். அவை பின்னரே வருகின்றன. தொல்காப்பியர் ஓவியர்க்கு நூல் செய்தவர் அல்லர். அவர் வகுத்தது அகப்பாட்டின் இலக்கணம். எனினும் அவ்வரிசை நமக்குப் பயன்படுகிறது. புதிதாகப் பயில்வோர் பெரும்பாலும் அதனைத் தலைகீழாக்குகின்றனர். முதலில் படகு, பின்னர் பாலம், அதன் பின்னர் கடைவீட்டுச் சன்னல்கள், அவையும் எண்ணிக்கை பிசகாமல். எஞ்சிய இடத்தில் வானத்திற்கு நீலம். அப்படத்தில் மணி என்ன என்று கேட்டால் விடை இராது.

இங்கிலாந்தின் ஜான் கான்ஸ்டபிள் 1821, 1822 ஆகிய ஆண்டுகளில், லண்டனை அடுத்த ஹேம்ஸ்டெட்டில் வானத்தை மட்டுமே பல சிறு படங்களாக வரைந்து பழகினார். அவற்றுள் பலவற்றின் பின்புறத்தில் நாள், மணி, காற்று ஆகியவற்றைக் குறித்துவைத்தார். அப்போது அவருக்கு வயது 45 ஆகியிருந்தது. தேர்ந்த கலைஞர் ஒருவர் தமக்குத் தாமே இட்டுக்கொண்ட வீட்டுப்பாடம் அது. நாமும் ஒவ்வொரு படத்தின் பின்னும் மணியையும் வானிலையையும் எழுதலாம், செலவு ஏதுமில்லை.

நம் ஊர் நிலநடுக்கோட்டை ஒட்டியது. கதிரவன் ஏறத்தாழ காலை 7 மணிக்கு எழுந்து மாலை 7 மணிக்கு மறைகிறான். அந்தி மயங்கும் நேரமோ மிகக் குறுகியது. நண்பகலில் நிழல் காலடியில் சுருங்கிவிடுவதால் உருவங்கள் தட்டையாகத் தோன்றுகின்றன. ஆதலின் காலை 9.30க்கு முன்னரோ மாலை 4.30க்குப் பின்னரோ அமர்வது நலம். எற்பாடு என்னும் சிறுபொழுதைப் பொருள்கொள்வதில் உரைகாரரிடையே வழக்கு உண்டு; கதிரவன் சாயும் நேரம் என்று கொள்வோர் பக்கமே நான் நிற்கிறேன், நெய்தல் நிலத்திற்கு அது பொருந்துவதால். கடற்கரையில் அந்நேரத்தில் அமர்வோர் நிழலின் எல்லையை முதலிலேயே கரிக்கோலால் குறித்துவிட வேண்டும். அரைமணி கழித்து அந்நிழல் அங்கே இராது. நம் காற்றின் ஈரப்பதத்தால் நீர்ப்பூச்சு உலர நேரமாகும் என்பதனையும் கணக்கில் கொள்க. பொறுமையிழந்து மேற்பூச்சு இட்டால் சேறாகும்.

இனி, பெயர் செய்யும் இடையூறு. இலை பச்சை என்று மொழி நமக்குக் கற்பித்திருக்கிறது. கண் அதனை நம்பிப் பார்ப்பதை நிறுத்திவிடுகிறது. நம் சாலையோரத் தூங்குமூஞ்சி மரத்தை மாலை 5 மணிக்குப் பாருங்கள். கதிர் ஊடுருவும் இலைகள் மஞ்சள். வானத்தைப் பார்த்திருக்கும் மேலிலைகள் சாம்பல் கலந்த நீலம். உட்கிளையடியில் ஏறக்குறைய கருமை. குப்பியிலிருந்து பிதுக்கிய பச்சை எங்குமே இல்லை. பழந்தமிழ் இதனை அறிந்திருந்தது போலும். 'பசுமை' ஒரு நிறத்தை மட்டும் குறித்த சொல் அன்று. பசும்பொன் என்கிறோம், பொன் பச்சை நிறமா? பிரிவால் மேனியில் படரும் பசலையும் அவ்வேரினின்று பிறந்ததே. நீலத்தையும் மஞ்சளையும் கலந்து தாமே பச்சை உண்டாக்கிப் பழகுவோர்க்குப் பசும்பொன் என்னும் சொல் நல்ல வழிகாட்டி. புடவைக் கடைக்குச் சென்றால் நம்மவர் சொல்வளம் இன்னும் வியப்பூட்டும்: கிளிப்பச்சை, இலைப்பச்சை, பாசிப்பச்சை, மயில்கழுத்து நிறம். கடையில் உள்ள இச்சொற்கள் ஓவிய வகுப்பில் ஏன் ஒலிப்பதில்லை?

ஆனால் நிறத்தினும் முதன்மையானது ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் ஓவியர் 'வால்யூ' என்பர். அகராதியைப் பார்த்து 'மதிப்பு' என்று பெயர்த்தால் மாணவர் விலையைக் கேட்பர். ஒரு பரப்பு எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு இருட்டு என்னும் அளவு அது. அடர்பச்சை, வெளிர்பச்சை என்று வீட்டில் வழங்குகிறோம். அதிலிருந்து 'அடர்வு' என்னும் சொல்லை எடுத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. கண்ணைப் பாதி மூடிப் பார்த்தால் நிறம் பின்வாங்கி அடர்வு முன்வரும். வண்ணம் தொடுவதற்கு முன் தீப்பெட்டி அளவில் மூன்றே அடர்வுகளில் ஒரு சிறுபடம் போட்டுப் பார்க்கும் பழக்கம், நான் கண்ட பயிற்சிகளுள் பயன் மிகுந்தது. நீர்வண்ணத்தில் வெண்மை என்பது பூசாமல் விட்ட தாளே. எதனை விடுவது என்று அச்சிறுபடத்திலேயே முடிவாகிவிடுகிறது.

இப்போது திருத்தம் எவ்வாறு மாறுகிறது, கேளுங்கள். 'தொலைவுக் கட்டடம் சரியில்லை' என்றால் மாணவர் கோடுகளை அழித்துத் திரும்ப வரைவார். 'தொலைவுக் கட்டடத்தின் அடர்வு மிகுந்துவிட்டது. அதனால் அது படகுக்கு முன்னால் வந்து நிற்கிறது' என்றால், நீர் கூட்டி வெளிறச் செய்வார். அவ்வாறே, நீரில் வீழும் உருவைத் திருத்தும்போது, இருண்ட பொருளின் நிழலுரு சற்று வெளிறியும், வெளிறிய பொருளின் நிழலுரு சற்று அடர்ந்தும் தோன்றும் என்று சொல்லலாம். ஒரு வாக்கியம்தான், ஆற்றங்கரையில் ஒரு மாதத் தடுமாற்றத்தை அது மிச்சப்படுத்தும்.

நம் பிள்ளைகளுட் பலர் ஓவியம் கற்கின்றனர். பணி ஓய்வு பெற்றோர் பலரும் தூரிகை எடுக்கின்றனர். தமிழில் ஒருவர் படத்தை ஒருவர் திருத்திக்கொள்ள நம்மிடம் சொல் உள்ளதா என்பதே என் கவலை. அடர்வு, நீர்ப்பூச்சு, விடுவெண்மை, நிழலுரு ஆகிய நான்கை இவ்வவையின் முன் வைக்கிறேன். ஓவியம் கற்பிக்கும் ஆசிரியர் சிலர் இங்கு அமர்ந்திருக்கின்றனர். இவற்றுள் எது வகுப்பில் உதவாது என்பதை அவர்களே சொல்லட்டும். வினா நேரத்தை அதற்கே ஒதுக்குமாறு அவைத்தலைவரை வேண்டுகிறேன்.