கரை காப்பார் யார்?



கல்வராயன் மலையில் பெய்யும் மழையே இவ்வட்டாரத்தின் உயிர். அம்மலையினின்று இறங்கும் மணியாறும் முத்தாறும் ஒன்றாய்க் கூடி மணிமுத்தாறு ஆகின்றன. முதுகுன்றம் விருத்தாசலம் ஆனதுபோல், மணிமுத்தாறும் அரசுப் பலகையில் 'மணிமுக்தா' ஆகிவிட்டது. பெயரைக் காக்கத் தவறியதைப் பற்றிப் பலகாலும் பேசியாயிற்று. இன்று பேச வேண்டுவது அந்த ஆற்றின் அணையைப் பற்றி.

சூளாங்குறிச்சியருகே மணிமுத்தாற்று அணை நிற்கின்றது. அதன் நீர்மட்டம் 36 அடி. கொள்ளளவு ஏறத்தாழ 74 கோடி கன அடி. கச்சிராயபாளையத்தருகே கோமுகி அணை நிற்கின்றது. அதன் நீர்மட்டம் 46 அடி. கொள்ளளவு ஏறத்தாழ 56 கோடி கன அடி. பின்னது 1960களின் நடுவிலும், முன்னது 1970ஐ ஒட்டியும் எழுந்தவை. இரண்டுக்கும் அகவை ஐம்பதைக் கடந்துவிட்டது. மேட்டூரைப்போல் பெயர்பெற்ற அணைகள் அல்ல இவை. செய்தித்தாளில் இவற்றுக்கு நான்கு வரி கிடைத்தால் மிகுதி. ஆயினும் ஆற்றோரத்தில் உறங்கும் குழந்தைக்குப் பெரிய அணையின் வெள்ளமென்றும் சிறிய அணையின் வெள்ளமென்றும் வேறுபாடு உண்டோ?

அணைக்கு முதுமை எவ்வாறு வருகின்றது? மூன்று வழிகளில் வருகின்றது. முதலாவது, வண்டல். மலையில் காடு குறையக் குறைய, மழைநீர் மண்ணையும் அரித்துக் கொணர்ந்து அணைக்குள் இறக்குகின்றது. ஏட்டில் எழுதிய கொள்ளளவு ஏட்டிலேயே நின்றுவிடுகின்றது. இரண்டாவது, கதவு. நீரிலும் வெயிலிலும் மாறிமாறி நிற்கும் இரும்பு துருவேறும். விளிம்பை அடைக்கும் தொய்வப்பட்டை வெடிக்கும். தூக்கும் வடம் தேயும். மூன்றாவது, மண்கரை. எலியும் நண்டும் வளை தோண்டும். கருவேலும் ஆலும் வேரோடும். வேர் மக்கினால் அவ்வழியே நீர் வழிதேடும்.

இங்கு ஒன்றை உழவர்கள் நெஞ்சில் நிறுத்துதல் வேண்டும். மண்கரையின் அடியில் தெளிந்த நீர் சிறிதளவு கசிதல் இயல்பு. அந்நீர் கலங்கி வருமாயின், கரையின் உள்ளிருக்கும் மண்ணை அது சுமந்து வருகின்றது என்பது பொருள். கரை உள்ளுக்குள்ளேயே குடையப்படுகின்றது. நேற்றுவரை தெளிந்திருந்த கசிவு இன்று கலங்கினால், அன்றே அறிவிக்க வேண்டும்; மறுநாள் வரை பொறுத்தல் கூடாது.

இவை வெற்றச்சங்கள் அல்ல. 2017 நவம்பர் இறுதியில் கிருட்டிணகிரி அணையின் எட்டுக் கதவுகளுள் ஒன்று உடைந்து, தேக்கிய நீர் வீணே ஓடியது. அது 1950களில் கட்டிய அணை. இங்குள்ளவற்றைவிடச் சில ஆண்டுகளே மூத்தது. 2018 ஆகத்தில், 1836இல் கட்டிய முக்கொம்பு மேலணையின் ஒன்பது மதகுகளைக் கொள்ளிட வெள்ளம் அடித்துச் சென்றது. 1977இல் வேடசந்தூரை அடுத்த குடகனாற்று அணையில், வெள்ளம் ஏறிய வேளையில் மின்னாற்றல் அற்றுப்போயிற்று. கதவுகளை முழுதும் உயர்த்த இயலவில்லை. நீர் கரைமேல் ஏறிப் பாய, மண்கரை உடைந்தது. கதவு திறவாமையால் அணையே அழிந்தது என்பது அதன் பாடம்.

தமிழர்க்குக் கரை காத்தல் புதிதன்று. முதற் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) ஏரி வாரியத்தைக் குறிக்கின்றன. அது பிராமணர் குடியிருப்பின் அவையே. எனினும், ஏரியைப் பேணுதற்கென ஆண்டுதோறும் ஆட்களைத் தெரிந்தெடுத்துப் பொறுப்பளித்த நெறி கருதத்தக்கது. ஏரியின் பேணுதலுக்காக 'ஏரிப்பட்டி' என நிலம் ஒதுக்கியதும் தமிழகத்து வழக்கமே. கட்டுவது ஒருமுறை, பேணுவது ஆண்டுதோறும் என்பதை அக்காலத்தோர் அறிந்திருந்தனர். மடை, மதகு, தூம்பு, கலிங்கு என நீர்நிலையின் உறுப்பு ஒவ்வொன்றுக்கும் தமிழில் சொல் இருந்ததும் அதனால்தான். பெயர் தெரிந்த உறுப்பின் நோயும் தெரிந்திருந்தது. இன்றோ, பேணுதற்கே 'மராமத்து' என்னும் அரபுச் சொல். கதவுக்குச் 'சட்டர்' என்னும் ஆங்கிலச் சொல். சொல்லை இழந்தவர் கண்ணையும் இழந்தனர். கரையருகே நாள்தோறும் நடப்பவர்க்கும் எது கலிங்கு, எது தூம்பு எனத் தெரியவில்லை.

2024 திசம்பர் 2ஆம் நாள் விடியுமுன், பெஞ்சல் புயல் மழையால் சாத்தனூர் அணையினின்று நொடிக்கு 1,68,000 கன அடி நீர் வெளியேறியது. தென்பெண்ணைக் கரையூர்கள் கடலூர்வரை மூழ்கின. முறையாக முன்னறிவித்தோம் என்றது அரசு. அறிவிக்கவில்லை என்றன எதிர்க்கட்சிகள். யார் சொல் மெய்யாயினும் ஆகுக. அறிவிப்பு வந்ததா இல்லையா என வழக்காடும் நிலை இருந்ததே, அது போதாதா? "இத்தனை கன அடி வெளியேற்றம்" என்பது பொறியாளர்க்கு அறிவிப்பு. "இத்தெருவில் முழங்காலளவு நீர் வரும், இத்தனை மணிக்குள் அப்பள்ளிக்கூடத்துக்குச் செல்க" என்பதே ஊரார்க்கு அறிவிப்பு. தாய்மொழியில் தெளிவாக எழுதுதல் உயிர்காக்கும் தொழில் என்பதை ஆட்சியாளர் உணர்தல் வேண்டும்.

அடுத்தது உரிமை. அணைப் பாதுகாப்புச் சட்ட வரைவு மாநில உரிமையைப் பறிப்பது என 2018 சூனில் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் தீர்மானம் இயற்றியது. ஆயினும் 2021இல் அது ஒன்றிய அரசின் சட்டமாயிற்று. பெரியாற்று அணை கேரள மண்ணில் நிற்க, அதைப் பேணும் பொறுப்புத் தமிழ்நாட்டின் கையில் இருக்கும் நிலையில், அவ்வெதிர்ப்பு முற்றிலும் முறையானதே. தமிழரின் அணைக்குத் தில்லி காவலன் ஆதல் வேண்டா. அங்ஙனமாயின் காவலன் யார்? அச்சட்டம் 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளையும், 10 முதல் 15 மீட்டர்வரை உள்ளவற்றுள் சிலவற்றையுமே கருதுவது. அதனினும் தாழ்ந்த தடுப்பணைகளும் ஏரிக்கரைகளும் அதன் கண்ணில் படா. அவற்றின்மேல் தில்லிக்கு அதிகாரமும் இல்லை, தடையும் இல்லை. அவற்றையேனும் தமிழர் செவ்வையாய்ப் பேணியிருக்கின்றனரா? தன் வீட்டுக் கூரையை வேயாதவன், அயலான் ஏணி சார்த்தினான் எனப் பூசலிடுவதில் பயனென்ன? உரிமை கேட்கும் இனம் கடமையையும் ஏற்றுக் காட்டுதல் வேண்டும். பேணாத உரிமை பிறர் கைக்குப் போகும்.

ஆதலின், சங்கராபுரத்தார் கேட்க வேண்டுவன நான்கு. ஆண்டுதோறும் ஆவணி முடியுமுன் இவ்விரு அணைகளின் கதவு, கரை, கசிவு ஆகியவற்றை ஆராய்ந்து, அவ்வறிக்கையைத் தமிழில் ஊர்மன்றத்தில் படித்தல்; மின்னாற்றல் இன்றியும் கதவைத் தூக்கும் ஏற்பாட்டை மழைக்கு முன்னரே இயக்கிக் காட்டல்; வண்டலை அளந்து மெய்யான கொள்ளளவை அறிவித்தல்; கீழூர்கள் ஒவ்வொன்றிலும் வெள்ளம் எட்டும் உயரத்தைச் சுவரில் கோடிட்டுக் காட்டல். இவற்றைக் கேட்பதோடு அமையாது, கரைமேல் முளைக்கும் செடியைக் கண்டால் அன்றே அறிவிக்கும் கடமையை ஊராரும் ஏற்க வேண்டும்.

மொழிக்கு அரண் அதைப் பேசுவோர்; ஆற்றுக்கு அரண் அதன் கரையில் வாழ்வோர். கரை உடைந்தபின் கண்ணீர் விடுவதினும், உடையுமுன் ஒரு கூடை மண் இடுவது மேல். அதுவே நாட்டுத்தொண்டு, அதுவே தமிழ்த்தொண்டு.

வாழ்க தமிழ்! வளர்க தமிழ்நாடு!