மலையும் மழையும் நாமும்



எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே. மலைகள் எவ்வாறு நாட்டப்பட்டுள்ளன என்று சிந்திக்குமாறு சூரா அல்காஷியா எம்மைத் தூண்டுகின்றது. பேலியகொடையில் மலை இல்லையே என நீங்கள் கேட்கலாம். மழைக்காலத்தில் களனி கங்கையைப் பாருங்கள். அதன் செந்நிறம் மலைநாட்டு மண்ணின் நிறமாகும். கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் கித்துல்கலை அருகே கலந்து களனியாகின்றன. பாவா ஆதம் மலைப் பகுதியின் மண்ணை அவை எமது ஊர்வரை சுமந்து வருகின்றன.

மலைகளை இரண்டு விசைகள் உருவாக்குகின்றன. ஒன்று பூமியின் உள்ளிருந்து எழுவது. ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன் கண்டங்கள் ஒன்றுசேர்ந்து கொண்டுவானா எனும் பெருங்கண்டம் தோன்றியபோது, எமது மலைநாட்டுப் பாறைகள் பூமியின் ஆழத்தில் வெப்பத்தாலும் அமுக்கத்தாலும் உருமாறின. அன்று ஆழத்திலிருந்த பாறைகள் இன்று மலைகளாக நிற்கின்றன. பிதுருதலாகலையின் உயரம் 2,524 மீற்றர். அப்படியாயின், அவற்றுக்கு மேலிருந்த பல கிலோமீற்றர் கனமான பாறை எங்கே?

அதனைக் கரைத்தது காலநிலை எனும் மற்றைய விசை. தென்மேற்குப் பருவக்காற்று மலையில் மோதி, வட்டவளை போன்ற மேற்குச் சரிவுகளில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றர் அளவில் மழையைப் பொழிகின்றது. அக்காற்று பதுளையை அடையும்போது வரண்டுவிடுகின்றது. வெப்பமும் ஈரமும் பாறையை மண்ணாக்க, ஆறுகள் பள்ளத்தாக்குகளை வெட்டுகின்றன. பாரம் இறக்கிய தோணி நீரில் சற்று மேலெழுவதைப் போல, மண் நீங்கிய நிலமும் மெல்ல உயர்கின்றது. இமயத்திலும் இதுவே நிகழ்கின்றது. இந்தியத் தட்டு சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆசியாவுடன் மோதியதால் எழுந்த அம்மலை பருவமழையைத் தடுத்து நிறுத்துகின்றது. அதே மழை அம்மலையை அரிக்கின்றது. எமது தீவும் அதே தட்டின் மீதே உள்ளது. எனினும் மோதும் விளிம்பிலிருந்து வெகுதொலைவில் இருப்பதால் இங்கு யாவும் மிக மெதுவாகவே நிகழ்கின்றன.

சகோதரர்களே! இந்த மெதுவான அளவில் ஒரு மீஸான், ஒரு தராசு இருக்கின்றது. அதனை மனிதன் குலைத்துவிட்டான். மேல் மகாவலிப் பகுதி குறித்து 2003இல் வெளியான ஆய்வொன்று, காடழித்துப் பயிரிட்ட நிலங்களில் இயற்கையான வேகத்தைவிட 10 முதல் 100 மடங்கு வேகமாக மண் அரிக்கப்படுவதைக் கண்டது.

2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் தோட்டக் குடியிருப்புகள் மண்ணில் புதைந்தன. அங்கு வாழ்ந்த தொழிலாளர் அந்த இடத்தைத் தாமாகத் தெரிவு செய்தவர்களல்லர். 2016 மே 17 அன்று அரநாயக்கவில் மலை சரிந்தது; அதே மழை நாட்களில் களனி பெருகி எமது அயலூர்களை மூழ்கடித்தது. 2025 நவம்பரில் டித்வா சூறாவளியின்போது நாடெங்கும் 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மழையை இறக்குபவன் அல்லாஹ். ஆனால் சரிவை வெட்டியது எமது கை. எல்லாவற்றையும் கத்ர் என்று கூறி எமது பங்கை மறைப்பது ஈமானுக்கு அழகல்ல.

பெற்றோர்களே! மாவனல்லையிலும் அக்குறணையிலும் ஹட்டனிலும் எமக்கு உறவினர் உள்ளனர். சரிவை வெட்டி வீடு கட்ட முனைவோரிடம், தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆலோசனையை முதலில் பெறுமாறு சொல்லுங்கள். மண்சரிவு எச்சரிக்கை வந்தால் பொருட்களை எண்ணிக் கொண்டிராது உடனே வெளியேறச் சொல்லுங்கள். தவக்குல் என்பது முயற்சி செய்த பின்னரே வருவது. இளைஞர்களே! புவியியலைப் பரீட்சைக்காக மாத்திரம் படிக்காதீர்கள். நிலத்தில் தோன்றும் வெடிப்பு, சாயும் மரம், திடீரெனக் கலங்கும் ஊற்று ஆகியவை மலை தரும் எச்சரிக்கைகள். அவற்றை அறிந்த ஒருவர் ஒரு குடும்பத்தையே காப்பாற்றக் கூடும்.

யா அல்லாஹ்! உனது படைப்பின் அளவைப் பேணி நடப்போராக எம்மை ஆக்குவாயாக! மண்ணில் மறைந்தோருக்கு உனது ரஹ்மத்தையும், அவர்தம் குடும்பங்களுக்குப் பொறுமையையும் தருவாயாக! ஆமீன்.