பெயர்கள் ஊர் திரும்பட்டும்

(1946 கடற்படை எழுச்சியின் நினைவாக மும்பை சீத்தா கேம்ப்பில் நடைபெற்ற பொதுக்கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



1946 பிப்ரவரி 18 அன்று இந்நகரின் ‘தல்வார்’ கடற்படை நிலையத்தில் மாலுமிகள் மூட்டிய நெருப்பு, நான்கே நாட்களில் ஆலைத் தொழிலாளர் குடியிருப்புகளையும் பற்றிக்கொண்டது. பிப்ரவரி 22 அன்று மும்பைத் தொழிலாளி வர்க்கம் வேலைநிறுத்தம் செய்து மாலுமிகளின் பக்கம் நின்றது. ஏகாதிபத்தியத்தின் துப்பாக்கிகள் பரேலில் தோழர் கமல் தோண்டேயைப் பலிகொண்டன. இருநூறுக்கும் மேற்பட்டோர் இந்நகரின் தெருக்களில் மடிந்தனர். அவர்களுள் எத்தனை பேரின் பெயர்கள் நமக்குத் தெரியும்?

இந்தக் கேள்வியோடு இளைஞர்கள் என்னிடம் எழுப்பிய மற்றொரு கேள்வியையும் சேர்த்துப் பார்க்க விரும்புகிறேன். இரண்டு உலகப் போர்களிலும் இராக்கிலும் பிரான்சிலும் பர்மாவிலும் மாண்டு அங்கேயே புதைக்கப்பட்ட இந்தியர்களின் எச்சங்களைத் தோண்டியெடுத்து அவரவர் பிறந்த மண்ணுக்குக் கொண்டுவர வேண்டாமா என்பதே அக்கேள்வி. கேட்பதற்கு உருக்கமான கோரிக்கைதான். ஆயினும் உருக்கத்தோடு வரலாற்றையும் சேர்த்து நாம் சிந்திக்க வேண்டும்.

இடமாற்றம் என்ற சொல்லின் பொருளைச் சீத்தா கேம்ப் மக்களுக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. 1976 மே மாதம், அவசரநிலையின் இருளில், அணு ஆராய்ச்சி மையத்தின் தேவைக்கென ஜனதா காலனி இடித்துத் தள்ளப்பட்டது. ஏறத்தாழ 70,000 மக்கள் காவல்துறை சூழ இந்தச் சதுப்பு நிலத்திற்கு அனுப்பப்பட்டனர். அந்த ஜனதா காலனியே நகரின் பிற பகுதிகளிலிருந்து அகற்றப்பட்டோரைக் கொண்டு உருவான குடியிருப்புதான். யார் நகர வேண்டும், எங்கே நகர வேண்டும் என்பதை நகர்கிறவர் முடிவு செய்யவில்லை. உயிருள்ளோருக்கு நேர்ந்த இந்த அனுபவத்தை அளவுகோலாகக் கொண்டே இறந்தோரைப் பற்றிய கேள்வியையும் நாம் அணுகுவோம்.

முதல் உலகப் போரின்போது, வசதி படைத்த சில பிரிட்டிஷ் குடும்பங்கள் தம் பிள்ளைகளின் உடல்களைச் சொந்தச் செலவில் தாயகம் கொண்டு சென்றன. ஏழைத் தொழிலாளியின் குடும்பத்தால் அது இயலவில்லை. 1915-இல் அத்தகைய தோண்டியெடுப்பு தடை செய்யப்பட்டது. 1917-இல் அமைக்கப்பட்ட ஏகாதிபத்தியப் போர்க் கல்லறை ஆணையம், பதவியோ இனமோ மதமோ பாராமல் அனைவருக்கும் ஒரே தன்மையான நினைவுக்கல், வீழ்ந்த மண்ணிலேயே அடக்கம் என்ற கொள்கையை அறிவித்தது. உடல்களைத் திரும்பக் கேட்டுத் தாய்மார்கள் மனுச் செய்தபோதும் ஆணையம் இணங்கவில்லை. அமெரிக்க அரசோ முடிவைக் குடும்பங்களிடமே விட்டது. ஏறத்தாழ 46,000 உடல்கள் அரசு செலவிலேயே கப்பலேறின.

தோழர்களே, செல்வந்தனுக்கு ஒரு கல்லறை, ஏழைக்கு ஒரு கல்லறை என்பதை மறுத்த அக்கொள்கையில் ஒரு நியாயம் இருந்தது என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அந்தச் சமத்துவம் சூயஸ் கால்வாயைத் தாண்டியதும் கரைந்து போயிற்று.

பிரான்சின் நவ் ஷப்பேலில் 1927-இல் திறக்கப்பட்ட நினைவுச்சின்னத்தில் 4,700-க்கும் மேற்பட்ட இந்தியர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. ஐரோப்பாவின் கண்முன் அவர்களுக்குப் பெயர் இருந்தது. இந்தியப் படையினர் பெருந்தொகையாக மாண்ட மெசபடோமியாவுக்கு வாருங்கள். பாஸ்ரா நினைவுச்சின்னத்தில் பிரிட்டிஷாரின் பெயர்களும் இந்திய அதிகாரிகளின் பெயர்களும் எழுதப்பட்டன. சாதாரண இந்தியச் சிப்பாய்களுக்கோ படைப்பிரிவு வாரியாக வெறும் எண்ணிக்கைதான். சிப்பாயின் உயிரை வாங்கிக்கொண்ட பேரரசு, அவன் பெயரைச் செதுக்கும் கூலியை மிச்சம் பிடித்தது!

இது நமது குற்றச்சாட்டு மட்டுமன்று. இன்று காமன்வெல்த் ஆணையம் என்றழைக்கப்படும் அதே அமைப்பு 2021 ஏப்ரலில் வெளியிட்ட அறிக்கையே ஒப்புக்கொண்டது. முதல் உலகப் போரில் மாண்ட ஆப்பிரிக்க, ஆசிய, மத்தியக் கிழக்கு மக்களுள் குறைந்தது 1,16,000 பேர் பெயரால் நினைவுகூரப்படவில்லை, அல்லது நினைவுகூரப்படவே இல்லை என்றும், அத்தொகை 3,50,000 வரை இருக்கலாம் என்றும் அவ்வறிக்கை கூறிற்று. பிரிட்டிஷ் அரசு நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டது. நூறாண்டுகளுக்குப் பின்!

சீருடை அணியாத உழைப்பாளிகளின் நிலை இதனினும் கொடிது. 1942-43இல் ஜப்பானியப் பாசிசம் அமைத்த சயாம்–பர்மா ரயில் பாதையை எண்ணிப் பாருங்கள். 415 கிலோமீட்டர் நீளப் பாதை. அதில் மாண்ட நேச நாட்டுப் போர்க் கைதிகள் 12,000-க்கும் மேற்பட்டோர். அவர்களின் கல்லறைகள் காட்டிலிருந்து தேடி எடுக்கப்பட்டு, காஞ்சனபுரி உள்ளிட்ட மூன்று கல்லறைத் தோட்டங்களில் சேர்க்கப்பட்டன. அமெரிக்கர்களின் எச்சங்கள் தாயகம் அனுப்பப்பட்டன. மலேயா ரப்பர் தோட்டங்களிலிருந்து இழுத்துச் செல்லப்பட்ட தமிழர்கள், மலாய்க்காரர்கள், பர்மியர்கள், ஜாவானியர்கள் ஆகியோருள் மாண்டவர்கள் கைதிகளைவிடப் பன்மடங்கு அதிகம். அவர்களுக்கோ பெயரும் இல்லை, பதிவேடும் இல்லை. அண்மை ஆண்டுகளில் காஞ்சனபுரியில் தமிழர்கள் முன்னின்று ஒரு நடுகல் எழுப்பியிருப்பது ஆறுதல் தரும் செய்தி.

கல்லறைகளை நகர்த்த இயலாது என்று எவரேனும் கூறினால் நம்பாதீர்கள். இரண்டாம் உலகப் போரில் மாண்டு தென்னிந்தியாவெங்கும் சிதறிக் கிடந்தவர்களின் கல்லறைகளைத் திரட்டி, 1952-இல் சென்னை நந்தம்பாக்கத்தில் போர்க் கல்லறைத் தோட்டம் அமைத்தார்கள். மேற்கு, மத்திய இந்தியாவின் கல்லறைகள் புனே கிர்க்கியில் சேர்க்கப்பட்டன. பராமரிப்புக்கு உறுதியில்லை என்பதே காரணம். பாஸ்ரா நினைவுச்சின்னத்தையே 1997-இல் சதாம் உசேன் அரசு ஓர் ஆணையால் பெயர்த்து, 32 கிலோமீட்டர் தொலைவில் பாலைவனச் சாலையோரத்தில் நிறுவியது. ஆகவே, நகர்த்த முடியுமா என்பது கேள்வியே அன்று. யார் முடிவு செய்வது, எதற்காக நகர்த்துவது என்பதே கேள்வி.

பிறந்த மண் என்கிறோம். எது அந்த மண்? பிரிக்கப்படாத பஞ்சாபிலிருந்து சென்றவனின் ஊர் இன்று எல்லைக்கு அப்பால் இருக்கலாம். பஞ்சத்தாலும் கங்காணிகளாலும் மலேயாவுக்கு விரட்டப்பட்டவனுக்கு எந்த ஊர் சொந்தம்? இன்னொன்றையும் மறைக்காமல் பேசுவோம். 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே, சாதி இந்துக்களின் நிலங்களைக் கடந்து செல்ல இயலாததால், தலித் ஒருவரின் உடலைப் பாலாற்றுப் பாலத்திலிருந்து கயிறு கட்டி இறக்க வேண்டிய நிலை ஏற்பட்டது. சுடுகாட்டுப் பாதைக்கே போராட வேண்டிய ஊருக்கு, அந்நிய மண்ணில் மாண்டவனின் எலும்பைக் கொண்டுவந்தால், எந்தச் சுடுகாட்டில் இடம் தருவோம்? சாதிக்கொரு சுடுகாட்டை ஒழிக்காமல் தாய்மண் என்று முழங்குவது மோசடி.

அவசரம் எத்தகைய இழப்பைத் தரும் என்பதற்குப் பஞ்சாபின் அஜ்னாலா சான்று. 1857-இல் கொல்லப்பட்டுக் கிணற்றில் வீசப்பட்ட சிப்பாய்களின் எச்சங்களை, 2014-இல் முறையான தொல்லியல் பயிற்சியற்ற ஆர்வலர்கள் தோண்டியெடுத்தனர். நோக்கம் நல்லதே. ஆனால் எந்த எலும்பு எந்த அடுக்கில் கிடந்தது, எதனோடு கிடந்தது என்னும் சான்றுகள் சிதைந்தன. 2022-இல் வெளியான மரபணு ஆய்வு, அவர்கள் கங்கைச் சமவெளியினர் என்று காட்டியது. பகுதியைச் சொல்ல முடிந்த அறிவியலால் ஒருவனின் ஊரையோ பெயரையோ சொல்ல இயலவில்லை.

இதற்கு மாறாக, 2016-இல் பிரான்சில் கண்டெடுக்கப்பட்ட இரண்டு கார்வால் சிப்பாய்களின் எச்சங்கள், மறு ஆண்டு நவம்பரில் இந்தியப் படையினர் முன்னிலையில் லவான்டி கல்லறைத் தோட்டத்தில், தோழர்கள் வீழ்ந்த மண்ணிலேயே மரியாதையோடு அடக்கம் செய்யப்பட்டன. அது பொருத்தமான முடிவு என்றே கருதுகிறேன்.

தமிழனின் பழைய மரபும் இதையே சொல்கிறது. நடுகல் என்பது எப்போதும் கல்லறையன்று. வீழ்ந்தவனின் பெயரையும் அவன் வீழ்ந்த காரணத்தையும் ஊர் மறவாதிருக்க நட்ட கல் அது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் கிடைத்த தமிழ்ப் பிராமி நடுகற்களில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பிறகும் பெயரைப் படிக்க முடிகிறது. மராட்டிய மண்ணின் பீமா கோரேகானைப் பாருங்கள். கிழக்கிந்தியக் கம்பெனி தன் வெற்றிக்காக எழுப்பிய தூண்தான் அது. அதில் மகர் வீரர்களின் பெயர்கள் இருந்தன. அப்பெயர்களுக்காகவே அண்ணல் அம்பேத்கர் 1927 ஜனவரி 1 அன்று அங்கே சென்றார். இன்று இலட்சக்கணக்கான மக்கள் செல்கின்றனர். கம்பெனியின் தூணை ஒடுக்கப்பட்டோரின் சொத்தாக்கியவை அந்தப் பெயர்கள்தாம்.

தமிழ்நாட்டின் பல ஊர்களில், முதல் உலகப் போருக்கு இவ்வூரிலிருந்து சென்றவர் இத்தனை பேர், மாண்டவர் இத்தனை பேர் என்று கூறும் ஆங்கிலக் கல்வெட்டுகள் இன்றும் உள்ளன. எண் இருக்கிறது, பெயர் இல்லை. ஆனால் ஆணையத்தின் பதிவேடுகளில், மாண்ட இந்தியர் பலருக்குத் தந்தை பெயரும் ஊர்ப் பெயரும் கூட இருக்கின்றன. கல்லையும் பதிவேட்டையும் சேர்த்துவைக்க ஓர் அரசுக்கு என்ன தடை?

ஆகவே நமது நிலைப்பாடு இதுதான்.

முதலாவது, வீழ்ந்தவர்கள் வீழ்ந்த மண்ணிலேயே உறங்கட்டும். அந்த மண்ணுக்கு ஆபத்து நேர்ந்தாலோ, அடையாளம் உறுதியாகி வழித்தோன்றல்கள் கேட்டாலோ மட்டும் நகர்த்தலாம். அதன் முழுச் செலவும் அரசைச் சார்ந்தது. ஜெனரலுக்கும் சிப்பாய்க்கும் ஒரே விதி.

இரண்டாவது, ஊர்க் கல்வெட்டுகளில் பெயர்கள் தமிழில் பொறிக்கப்பட வேண்டும். சேரியின் பெயர் விடுபடாமல்.

மூன்றாவது, கப்பல் தொழிலாளரும் தோட்டத் தொழிலாளரும் அப்பட்டியலில் சமமாக இடம்பெற வேண்டும். இந்நகரின் இந்திய மாலுமிகள் இல்லத்தில், முதல் உலகப் போரில் கடலே கல்லறையாகிப்போன 2,000-க்கும் மேற்பட்ட இந்தியக் கடலோடிகளுக்கு நினைவுச்சின்னம் உள்ளது. அவர்களுக்கு எடுத்துவர எலும்பு ஏது? பெயர் ஒன்றே அவர்கள் விட்டுச்சென்ற உடல்.

நான்காவது, எந்த அகழாய்வும் தொல்லியலாளர் கையில்தான் நடைபெற வேண்டும். தேர்தல் மேடைக்கு எலும்புகளை ஊர்வலம் விடுவதை அனுமதிக்கலாகாது.

தோழர்களே, இறந்தோரை அவர்களின் சம்மதமின்றி நகர்த்தாதே என்று சொல்லும் உரிமை, உயிரோடு நகர்த்தப்பட்ட உங்களுக்கே முதலில் உண்டு. ஜனதா காலனியில் இடிக்கப்பட்ட வீடுகளுக்கு நினைவுக்கல் எதுவுமில்லை. அந்த வரலாற்றைக் கேட்டு எழுதிவைக்கும் பணியை இங்குள்ள இளைஞர்கள் ஏற்க வேண்டும். பரேலில் வீழ்ந்தோரின் பெயர்களைத் தேடும் பணியையும் ஏற்க வேண்டும். அதை இந்தக் கூட்டத்திலிருந்தே தொடங்குவோம்.