மரம் ஏறாமல் கவாத்து செய்வோம்

(உழவர் பயிற்சி வகுப்பில் நிகழ்த்தப்பெற்ற உரை)



மாங்காய் அறுவடை முடிந்து கடைசி வண்டி மண்டிக்குப் போனபிறகு, தோப்புப் பக்கம் நாம் அதிகம் போவதில்லை. மார்கழி, தை மாதங்களில் பூ எடுக்கும்போதுதான் மறுபடியும் மரத்தை அண்ணாந்து பார்க்கிறோம். இடைப்பட்ட காலத்தில் கவாத்து செய்யவேண்டும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. செய்யாமல் விட்டுவிடுவதற்குரிய காரணமும் தெரிந்ததுதான். மரம் ஏற ஆள் கிடைப்பதில்லை. கிடைத்தாலும், கூலியை ஒரே நாளில் முடித்துவிட வேண்டும் என்று அரிவாளால் கண்டபடி வெட்டித் தள்ளிவிட்டுப் போகிறார்கள். ஆள் கிடைக்காத ஆண்டில் நாமே ஏறுகிறோம். மழை பெய்த மரத்தில் கால் வழுக்கும். பட்டுப்போன கிளை, உறுதியாக இருப்பதுபோலத் தோன்றிக் காலை வைத்ததும் முறியும். ஏறிய மனிதர் விழுந்து இடுப்பு ஒடிந்தால், அந்தக் குடும்பம் எத்தனை ஆண்டு மகசூலைப் பறிகொடுக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

ஆகவே இன்று, தரையில் நின்றபடியே கிளைகளைக் கழிக்க உதவும் நீள்கோல் கவாத்துக் கருவியைப் பற்றிப் பேச விரும்புகிறேன். இதன் பெரிய பயன், ஏறும் வேலை மிச்சமாவது மட்டுமன்று. ஆளுக்காகக் காத்திராமல், ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாக நாமே கவாத்து செய்துகொள்ளலாம் என்பதே இதன் பெரிய பயன். பத்தாண்டு விட்டுவிட்டு ஒரே நாளில் மரத்தை மொட்டையடிப்பதைவிட, இது மரத்துக்கும் நல்லது, நமக்கும் நல்லது.

தொரட்டி போதாதா?

ஆட்டுக்குத் தழை ஒடிக்கத் தொரட்டி போதும். அகத்தி, சவுண்டல், கிளுவை போன்றவற்றின் மெல்லிய கொம்புகளுக்கு அது ஏற்றதுதான். ஆனால் பழ மரத்தில் தொரட்டியை மாட்டி இழுத்தால் கொம்பு முறிந்து, பட்டை நாராக உரிந்துகொண்டு வரும். அந்தக் காயத்தில் தண்ணீர் தங்கும். பூசணமும் துளைப்பானும் நுழைய வழி ஏற்படும். கவாத்துக்குத் தேவை ஒடிப்பதன்று, சீராக அறுப்பதாகும்.

நீள்கோல் கருவியில் இரண்டு வகை உண்டு. ஒன்று கோல் கத்தரி. இதன் தலையில் உள்ள கொக்கியைக் கிளையில் மாட்டிக் கீழேயிருந்து கயிற்றை இழுத்தால் வெட்டும் அலகு மூடிக்கொள்ளும். கயிற்றை விட்டதும் சுருள்வில் அதைத் திறந்துவிடும். கட்டைவிரல் பருமன் வரையுள்ள கொம்புகளுக்கு இது ஏற்றது. மற்றொன்று கோல் ரம்பம். இது வளைந்த ரம்பம். பற்கள் நம் பக்கம் சாய்ந்திருக்கும். இழுக்கும்போது அறுக்கும், தள்ளும்போது அறுக்காது. ஆகையால் இழுக்கையில் மட்டும் அழுத்தம் கொடுத்தால் போதும். மணிக்கட்டுப் பருமனுள்ள கிளைகளை இதனால் எளிதில் அறுக்கலாம். தொடைப் பருமனுள்ள கிளையை இதனால் அறுக்க முயலக்கூடாது. அது பழகிய மரம் வெட்டும் ஆளின் வேலை.

வாங்கும்போது கோலின் நீளத்தைப் பார்த்து மயங்கவேண்டாம். கோல் நீள நீளத் தலை ஆடும். கை சீக்கிரம் சலித்துவிடும். 12 அடிக் கோலைச் சாய்வாகப் பிடித்தால் ஏறக்குறைய 14 அடி உயரத்திலுள்ள கிளை எட்டும். நடுத்தர மரங்களுக்கு இது போதும். கணுப் பூட்டுகள் உறுதியாக உள்ளனவா, ரம்ப அலகைக் கழற்றி மாற்ற முடியுமா என்று கடையிலேயே சோதித்துப் பார்க்கவேண்டும். ஆண்டில் சில நாட்களே பயன்படும் கருவியாதலால், நான்கைந்து பேர் சேர்ந்து ஒன்று வாங்கி வைத்துக்கொள்வதும் சிக்கனம்தான்.

எப்போது, எதை வெட்டுவது?

மாமரத்தில் ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களே கவாத்துக்கு ஏற்றவை. முதிர்ந்த கொம்பின் நுனியில்தான் மா பூக்கிறது. காலம் தாழ்த்தி வெட்டினால், புதிதாக வரும் தளிர் முதிர்வதற்குள் பூக்கும் பருவம் வந்துவிடும். பூவுக்குப் பதிலாக இலைதான் மிஞ்சும். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன்பே வெட்டுக்காயங்கள் உலர்ந்துவிடவும் வேண்டும்.

கருவியைத் தூக்குவதற்கு முன், மரத்தை ஒருமுறை சுற்றி வாருங்கள். வெட்டவேண்டியவற்றை இந்த வரிசையில் பாருங்கள்.

முதலாவது, பட்டுப்போன கிளைகளும் நோய் கண்ட கிளைகளும். இவற்றை யோசிக்காமல் நீக்கலாம்.

இரண்டாவது, புல்லுருவி. கவனிப்பாரற்ற தோப்புகளில் பெரும்பாலும் இது இருக்கும். இதன் பழத்தின் பிசின்போன்ற சதையால் விதை ஒட்டிக்கொள்ளும். பறவைகள் இதைத் தின்று கிளைக்குக் கிளை பரப்பிவிடும். முளைத்த விதை மரத்துக்குள் தன் உறிஞ்சுவேரைச் செலுத்தித் தண்ணீரையும் சத்தையும் எடுத்துக்கொள்ளும். புல்லுருவியை மட்டும் பிய்த்தெறிந்தால் உள்ளே தங்கிய வேரிலிருந்து அது மறுபடியும் துளிர்க்கும். ஆகவே அது ஒட்டியிருக்கும் இடத்துக்கு ஓர் அடி கீழே, கிளையையே அறுத்தெடுக்க வேண்டும். பழுப்பதற்கு முன் அறுத்தால் பரவுவதும் நிற்கும். உயரத்தில் நுனிக் கிளைகளில் இருக்கும் புல்லுருவியை ஏறிப்போய் வெட்டுவது ஆபத்து. கோல் ரம்பம் வாங்குவதற்கு இந்த ஒரு வேலையே போதிய காரணமாகும்.

மூன்றாவது, ஒன்றோடொன்று உராயும் கிளைகளும், குறுக்கே உள்நோக்கி வளர்ந்த கிளைகளும். இரண்டில் நல்லதை வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துவிடுங்கள். மரத்தின் உட்பகுதியில் வெயிலும் காற்றும் படவேண்டும். இருட்டும் ஈரமும் தங்கிய மரத்தில்தான் தத்துப்பூச்சியும் பறவைக்கண் நோயும் பெருகுகின்றன. மருந்து தெளித்தாலும் உள்ளே போய்ச் சேருவதில்லை. உட்புறக் கிளைகளை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை கழிப்பது பரிந்துரையாகும். அந்த வேலையை மூன்று பங்காக்கி, ஆண்டுக்கு ஒரு பங்காகச் செய்தாலும் சரியே.

ஒரே பருவத்தில் இலைப்பரப்பில் கால் பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். நிழலிலேயே இருந்த பட்டையில் திடீரென வெயில் சுட்டால் பட்டை வெடிக்கும்.

எங்கே அறுப்பது?

கிளை தாய்மரத்தோடு சேரும் இடத்தில் சற்றுப் புடைத்த ஒரு வளையம் தெரியும். இதைக் கிளையின் கழுத்து எனலாம். முன்பெல்லாம் தாய்மரத்தோடு ஒட்ட வழித்து அறுக்கச் சொல்வார்கள். அமெரிக்க வனத்துறையில் பணியாற்றிய அலெக்ஸ் ஷைகோ என்ற மர நோயியல் அறிஞர் ஆயிரக்கணக்கான மரங்களை அறுத்துப் பார்த்து, 1970, 1980களில் அந்த எண்ணத்தை மாற்றினார். காயத்தைச் சுற்றி அரண் எழுப்பி, அழுகல் உள்ளே போகாமல் தடுப்பது இந்தக் கழுத்துப் பகுதிதான். கழுத்தையும் சேர்த்து வழித்தால் அரண் போய்விடும். அதற்காக நீளமாகக் கட்டை விட்டாலும், அது காய்ந்து அழுகி உள்ளே நோயைக் கொண்டுபோகும். எனவே கழுத்தை விட்டு, அதன் வெளிவிளிம்பை ஒட்டி அறுப்பதே சரி.

கனமான கிளையை ஒரே அறுப்பில் எடுக்கவும் கூடாது. பாதி அறுபட்டதும் கிளை தன் பாரத்தால் முறிந்து, பட்டையைத் தூர் வரை உரித்துவிடும். முதலில் நுனிப்பகுதியைத் துண்டு துண்டாக அறுத்துப் பாரத்தைக் குறையுங்கள். பிறகு கழுத்திலிருந்து ஓர் அடி தள்ளி, அடிப்பக்கத்தில் ஒரு வெட்டுக் கொடுங்கள். சில கோல் ரம்பங்களில் இதற்கென்றே ஒரு சிறு கொக்கிக் கத்தி இருக்கும். அதற்குச் சற்று வெளியே மேலிருந்து அறுத்தால் கிளை பட்டை உரியாமல் விழும். மிஞ்சிய கட்டையைக் கடைசியாகக் கழுத்தை ஒட்டி எடுத்துவிடலாம்.

எட்டக்கூடிய பெரிய காயங்களில் போர்டோ பசை பூசுங்கள். 100 கிராம் மயில்துத்தம், 100 கிராம் சுண்ணாம்பு, 1 லிட்டர் தண்ணீர் என்பது அளவு. இரண்டையும் தனித்தனியே அரை லிட்டர் தண்ணீரில் கரைத்துப் பின் கலக்கவேண்டும். மண் அல்லது பிளாஸ்டிக் பாத்திரமே ஏற்றது. இரும்புப் பாத்திரம் ஆகாது. மூங்கில் கழியின் நுனியில் தூரிகையைக் கட்டிக்கொண்டால் உயரத்திலும் பூசலாம். கலந்த அன்றே பயன்படுத்திவிட வேண்டும்.

உயிருக்கு ஆபத்து எங்கே?

நண்பர்களே, இந்தப் பகுதியைத் தயவுசெய்து நன்றாக மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நீள்கோல் கருவி விழும் ஆபத்தைப் போக்குகிறது. ஆனால் வேறு இரண்டு ஆபத்துகளைக் கொண்டுவருகிறது.

முதலாவது மின்கம்பி. நம் தோப்புகளில் பம்புசெட்டுக்குச் செல்லும் கம்பி மரத்தை ஒட்டியே போவதுண்டு. அலுமினியக் கோல் மின்சாரத்தை நேரே நம் கைக்குக் கொண்டுவரும். மூங்கில் கழியானாலும் ஈரமாக இருந்தால் மின்சாரம் பாயும். கண்ணாடி இழைக் கோல் என்றால் பயமில்லை என்றும் எண்ணவேண்டாம். ஈரமும் அழுக்கும் படிந்தால் அதுவும் நம்பத்தக்கதன்று. கோலும், அறுபடும் கிளையும் கம்பியிலிருந்து குறைந்தது 10 அடி தள்ளியே இருக்கவேண்டும். உயர் அழுத்தக் கம்பி என்றால் அந்தப் பக்கமே போகவேண்டாம். கிளை கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தால் மின்வாரிய அலுவலகத்தில் சொல்லுங்கள்; மின்சாரத்தை நிறுத்தி அவர்களே வெட்டவேண்டும். எவருக்கேனும் மின்சாரம் பாய்ந்துவிட்டால் பதறிப்போய் அவரைத் தொடாதீர்கள். முதலில் மின்சாரத்தை நிறுத்த வழி பாருங்கள்.

இரண்டாவது, விழும் கிளை. அறுக்கும் கிளைக்கு நேர் கீழே நிற்கவே கூடாது. கோலைச் செங்குத்தாகப் பிடித்தால் கிளை நம் தலையில்தான் விழும். சாய்வாகப் பிடித்து, பக்கவாட்டில் தள்ளி நில்லுங்கள். கிளை நேராகவே விழும் என்பதும் இல்லை. நுனி தரையில் ஊன்றி, அடிப்பகுதி நம் பக்கம் துள்ளி வரலாம். ஆகவே விலகி ஓடும் வழியில் கல், வரப்பு, வாய்க்கால் இல்லாதபடி முன்னதாகவே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைகளையும் மாடுகளையும் தள்ளி நிறுத்த உடன் ஓர் ஆள் இருக்கட்டும். தலைக்குக் கவசமும் கண்ணுக்குக் கண்ணாடியும் அணியுங்கள். மரத்தூள் மட்டுமல்ல, மாம்பாலும் கண்ணில் படக்கூடாது. முசுறு எறும்புக் கூடு, குளவிக் கூடு இருக்கிறதா என்றும் முன்பே பாருங்கள். ஏணிமேல் நின்று இக்கருவியைப் பயன்படுத்துவது கூடவே கூடாது. அப்படிச் செய்தால் மரத்திலிருந்து விழுவதற்குப் பதிலாக ஏணியிலிருந்து விழுவோம்; அவ்வளவுதான் வித்தியாசம்.

கருவியைப் பேணுதல்

வேலை முடிந்ததும் அலகில் படிந்த பிசினை மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்து, எண்ணெய் தடவி, உலர்ந்த இடத்தில் தொங்கவிடுங்கள். நோய் கண்ட மரத்தில் வேலை செய்தபின், அடுத்த மரத்துக்குப் போகுமுன் அலகைச் சுத்தம் செய்யவேண்டும். கயிறு நைந்திருந்தால் உடனே மாற்றிவிடுங்கள். பழைய ரம்பங்களை முக்கோண அரத்தால் கூர் தீட்டலாம். இப்போது வருபவற்றில் சிலவற்றின் பல் நுனி கருநீலமாக இருக்கும். அவை கடினமாக்கப்பட்ட பற்கள், அரம் பிடிக்காது. மழுங்கினால் அலகையே மாற்றவேண்டும்.

நிறைவாக ஒன்று சொல்வேன். இந்த ஆவணியில் தோப்பு முழுவதையும் முடிக்கவேண்டும் என்று நினைக்காதீர்கள். நாளொன்றுக்கு நான்கு மரம் போதும். முதல் ஆண்டில் பட்ட கிளையையும் புல்லுருவியையும் மட்டும் எடுங்கள். அடுத்த ஆண்டில் உராயும் கிளைகளைப் பாருங்கள். மூன்றாம் ஆண்டில் மரத்தின் நடுவைத் திறந்துவிடுங்கள். மரம் சீராகும், மரம் ஏறாமலே வேலையும் முடியும்.