இராமானுஜனும் ஹார்டியும்



நம் கை முழத்தால் பிறரை அளப்பது எளிது. கும்பகோணத்துக் கல்லூரியில் கணிதம் ஒன்றிலேயே மூழ்கிக்கிடந்த சீனிவாச இராமானுஜன், ஏனைய பாடங்களைப் புறக்கணித்தமையால் உதவித்தொகையை இழந்தார். பின்னர்ச் சென்னையில் பயின்றும் எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை. கல்லூரிகளைப் பழிப்பதற்கில்லை, அவற்றினிடம் இருந்தது ஒரே முழக்கோல்.

1913-இல் அவர் எழுதிய கடிதம் கேம்பிரிட்ஜில் ஹார்டியை அடைந்தது. ஹார்டியோ நிறுவலின்றி எதனையும் ஏற்காத கண்டிப்பினர். இராமானுஜனோ முடிவுகளை எழுதி நிறுவலை விட்டுவிடுபவர். மறு ஆண்டு அங்குச் சென்றவரை, அடிப்படையிலிருந்து முறையாகக் கற்குமாறு ஹார்டி வற்புறுத்தினாரா? இல்லை. வற்புறுத்தின் அவ்வூற்றே வற்றிவிடுமோ என அஞ்சினார். இன்றியமையாத சிலவற்றை மட்டும் கற்பித்தார். ஆசிரியர் பலர்க்கும் வாய்க்காத பொறுமை அது! தம்மிடம் இராமானுஜன் கற்றதினும், தாம் அவரிடம் கற்றதே மிகுதி என்று அவர் பிற்காலத்தில் எழுதினார்.